உப்புக் கணக்கு: ஒரு சாயப்பட்டறை கற்றுக்கொண்டவை

எங்கள் பட்டறை அலுவலகத்தின் மேல் அலமாரியில் அப்பா காலத்துப் பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டுக்கு முந்தைய எந்தப் பேரேட்டைப் புரட்டினாலும் தண்ணீருக்கு லாரி வாடகை என்று ஒரு வரி இருக்கும், உப்புக்கு மூட்டைக் கணக்கு இருக்கும், விறகுக்கு டன் கணக்கு இருக்கும். ஆனால் பட்டறையை விட்டு வெளியே போன தண்ணீருக்கு ஒரு வரி கூட இருக்காது. திருப்பூரில் பின்னலாடைத் துணிக்குச் சாயமேற்றும் தொழிலை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதற்கு அந்த விடுபட்ட வரியே போதுமான சாட்சி. அந்த வரியை எழுதத் தொடங்கிய பிறகு பட்டறையில் என்னென்ன மாறின, எவற்றில் தவறினோம் என்பதை, இதே பாதையில் இறங்க நினைக்கும் சிறு, நடுத்தரத் தொழில்முனைவோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்தி நூலில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். தண்ணீரில் நனைந்த பருத்தியும் சாயமும் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலின் அருகே கொண்டு செல்கிறது. பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரத்தன்மையை ஏற்றும்போது சாயம் நூலோடு பிணைந்துகொள்கிறது. இந்த வேலையில் உப்பு செலவாவதே இல்லை. உள்ளே போட்ட உப்பு அத்தனையும் அப்படியே வெளியே வருகிறது. கறுப்பு, நேவி போன்ற அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போடுவோம். 300 கிலோ துணியை ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில் ஓட்டினால் 3,000 லிட்டர் தண்ணீர், அதில் 240 கிலோ உப்பு; அதாவது ஒரே ஒரு லாட்டுக்கு ஏறக்குறைய ஐந்து மூட்டை. ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. எங்கள் சாயத் தொட்டியில் இருந்ததோ 80,000 மில்லிகிராம். அலசல் தண்ணீரோடு கலந்த பிறகும் வரம்பைப் போல மூன்று மடங்கு நிற்கும். நிறத்தை நீக்கிவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று அந்நாளில் நாங்கள் நம்பினோம்; கண்ணுக்குத் தெரியும் நிறம் போனது, தெரியாத உப்பு நொய்யலில் இறங்கியது.

அந்த உப்பு எங்கே போய்த் தங்கியது என்பதை நான் என் தாய்மாமன் தோட்டத்தில் பார்த்தேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே, ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. மாமாவின் தோட்டம் அணைக்குக் கீழே இருக்கிறது. அணை வந்ததும் மூன்று போகம் பார்க்கலாம் என்று அவர் நம்பியிருந்தார். சில ஆண்டுகளில், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்துவிட்டது. 2002 வாக்கில் ஒரு நோம்பிக்குப் போயிருந்தபோது, அத்தை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பால் ஊற்றிய உடனே டீ திரிந்துபோனது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைக் கொட்டிவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து குடத்தில் கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீரில் மறுபடியும் போட்டார். வரப்பில் வெள்ளையாகப் பொரிந்து நின்றது உப்பு. தென்னை ஓலைகள் நுனி கருகி நின்றன. "மாப்பிள்ளை, உங்க ஊர்ப் பனியன் கலரெல்லாம் போயிருச்சுங்கறாங்க. உப்பு மட்டும் எங்க கெணத்துல வந்து நிக்குது" என்றார் மாமா. குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. நடப்பைச் சொல்லும் குரலில் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் கனமாக இருந்தது.

வழக்கின் வரலாறு கொங்கு நாட்டில் பலருக்கும் தெரிந்ததுதான். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்றும், மாறும் வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக 10 பைசா வரை செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் எங்கள் தரப்பை ஏற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாய ஆலைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆர்டரைக் காப்பாற்றத் துணி வெளி மாநிலங்களுக்குச் சாயத்துக்குப் போனது. எங்களிடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் பிறகு வரவே இல்லை. மூடல் அநியாயம் என்று அப்போது நானும் ஊரோடு சேர்ந்து பேசியவன்தான். இன்று அப்படி நினைக்கவில்லை. 2006 உத்தரவுக்கும் 2011 மூடலுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கிடைத்தன. அவற்றை நாங்கள் இயந்திரம் வாங்குவதில் செலவழித்தோம், எங்கள் சொந்தக் கழிவைப் புரிந்துகொள்வதில் செலவழிக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பசுமைத் தொழில்நுட்பம் வாங்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். நாங்கள் உறுப்பினராக இருந்த பொது நிலையத்தில், தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. அமைத்தபோது, வடிவமைப்புக்கான மாதிரித் தண்ணீர் ஓரிரு நாள்களில் எடுக்கப்பட்டது. வெளிர் நிறங்கள் அதிகம் ஓடிய வாரம் அது. பண்டிகை ஆர்டருக்கு அடர் நிறங்கள் ஓடத் தொடங்கியதும் உப்பின் அளவு வடிவமைப்பைத் தாண்டியது. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் துகளும், மிருதுவாக்கப் போடும் சிலிகானும் சவ்வுகளில் படிந்து, ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய சவ்வுகள் சில மாதங்களில் அடைத்துக்கொண்டன. விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை; நாங்கள் கொடுத்த எண்களுக்குத்தான் அவர் இயந்திரம் கொடுத்தார். எதையும் வாங்குமுன் குறைந்தது மூன்று மாதம், மழை நாளும் வெயில் நாளும், அடர் நிறமும் வெளிர் நிறமும் வரும்படி, தினமும் தண்ணீரின் அளவையும் உப்பையும் அளந்து எழுதிவைக்க வேண்டும் என்பதை நான் இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். உப்பு மீட்டரின் விலை சில ஆயிரம் ரூபாய்தான்.

அளக்கத் தொடங்கிய பிறகுதான் செலவு எங்கே போகிறது என்பது தெரிந்தது. நிலையத்துக்கு வரும் 100 லிட்டரில் 85 முதல் 90 லிட்டர் வரை ஆர்.ஓ. வழியே நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். மிச்சமுள்ள பத்துப் பதினைந்து லிட்டர் கெட்டியான உப்புநீர். அதை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கிலோகலோரி வேண்டும். ஒரு கட்டத்து ஆவியை அடுத்த கட்டத்துக்குப் பயன்படுத்திச் சிக்கனம் பண்ணினாலும் செலவு கடுமைதான். எங்கள் நிலையத்தில் அந்தக் கடைசிப் பங்குக்கான செலவு முதல் பெரும்பங்குக்கான செலவை மிஞ்சி நின்றது. அதாவது, பட்டறையில் ஒரு மூட்டை உப்பைக் குறைத்தால் குறைவது மூட்டையின் விலை மட்டுமல்ல. அந்த உப்பைப் பிரித்தெடுக்க எரிக்க வேண்டிய விறகும் மின்சாரமும் சேர்ந்தே குறைகின்றன. சுத்திகரிப்பு என்பது ஊருக்கு வெளியே இருக்கும் பொது நிலையத்தின் வேலை என்று நினைத்திருந்த நான், அது எங்கள் சாய மாஸ்டர் உப்பு மூட்டையைப் பிரிக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதை அந்தக் கணக்கில்தான் கண்டேன்.

அதன்படி முதலில் தொட்டிகளை மாற்றினோம். அதிகத் தண்ணீர் பிடிக்கும் பழைய வகைத் தொட்டியான விஞ்ச்சை எடுத்துவிட்டு, கிலோவுக்கு ஆறு லிட்டரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம் போட்டோம். அதே 300 கிலோ கறுப்பு லாட்டுக்கு இப்போது 1,800 லிட்டர், 144 கிலோ உப்பு. ஐந்து மூட்டை இருந்த இடத்தில் மூன்று மூட்டை கூட இல்லை. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. செலவைக் குறைக்க நான் இரண்டாவது இயந்திரத்தைப் பழைய இயந்திரமாக வாங்கினேன். தண்ணீர் குறைவாக ஓடும்போது கனமான துணியில் மடிப்புக் கோடு விழுந்தது. இரண்டு மாதம் மறுசாயம் போட்டே ஓய்ந்தோம். மறுசாயம் போட்டால் மிச்சப்படுத்திய தண்ணீரும் உப்பும் இரட்டிப்பாகப் போய்விடும். முதல் தடவையிலேயே நிறம் சரியாக அமைவதைவிடப் பெரிய சிக்கனம் சாயத் தொழிலில் இல்லை. ஆகவே மூன்றாவது இயந்திரத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஆய்வுக்கூடத்தைச் சீர்செய்தோம். நிறத்தைச் சிறு துண்டுத் துணியில் முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் லேப் டிப்பில் பயன்படுத்தும் தண்ணீரும், உப்பும், தண்ணீர் விகிதமும் பெரிய தொட்டியில் இருப்பவையேதான் என்பதை உறுதி செய்தோம். வெளியே சொல்லிக்கொள்ளும்படியான புதுமை அல்ல அது. ஆனால் எங்கள் கணக்கில் அதிகம் மிச்சப்படுத்திக் கொடுத்தது அதுதான்.

அடுத்தது உப்பின் வகை. இது ஒரு பட்டறை மட்டும் தீர்க்கக்கூடிய விஷயமல்ல. திருப்பூரில் பலரும் சாதாரண உப்பைத்தான் போட்டுவந்தோம். சோடியம் சல்பேட் விலை கூடுதல். ஆனால் கழிவிலிருந்து உப்பைத் திரும்ப எடுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. சல்பேட் குளிரவைத்தால் எளிதில் படிகமாகப் பிரிந்துவிடும். சாதாரண உப்போ, சூட்டிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே அளவு கரைந்தே இருக்கும். உறுப்பினர்களில் சிலர் அதையும் சிலர் இதையும் போட்டால், எவாப்பரேட்டரிலிருந்து வருவது இரண்டும் கலந்த பழுப்பு உப்பு. அதை மறுபடி சாயத்துக்கும் பயன்படுத்த முடியாது, விற்கவும் முடியாது, வெளியே கொட்டவும் கூடாது; மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கிவைக்க வேண்டியதுதான். எங்கள் நிலையத்துக் கொட்டகை அப்படி நிறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சல்பேட்டுக்கு மாறுவோம் என்று பொதுக்குழுவில் முடிவெடுத்த பிறகும், ஓரிருவர் இரவு ஷிஃப்டில் பழைய உப்பைப் போட்டார்கள். கடைசியில் ஒவ்வொரு பட்டறைக் குழாயிலும், சாதாரண உப்பைக் காட்டிக்கொடுக்கும் குளோரைடு சோதனை வைத்து, அதிகம் காட்டியவர் அதற்கேற்பக் கூடுதல் கட்டணம் தர வேண்டும் என்று உறுப்பினர்களே தீர்மானம் போட்ட பிறகுதான் அது நின்றது. நல்லெண்ணத்தை நம்பி நடத்தக்கூடியதல்ல பொது நிலையம். பங்காளிகளுக்குள் வாய்க்கால் முறைவைப்பது போல, அளவும் முறையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில், மீட்டெடுத்த உப்புநீரை மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்தலாம் என்று செய்து காட்டப்பட்டது திருப்பூருக்குத் திருப்புமுனையாக அமைந்தது. மாநில அரசு அறிவித்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் பொது நிலையங்கள் மீண்டு வரத் துணைநின்றது. ஆனால் நிலையத்தில் செய்து காட்டியதை என் பட்டறைத் தொட்டிக்குள் கொண்டுவர ஓராண்டு பிடித்தது. தடை இயந்திரத்தில் இல்லை. அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருக்கும் மாஸ்டரண்ணா, "தம்பி, அடுத்தவங்க கழிச்சுவிட்ட தண்ணில நான் சாயம் போட மாட்டேனுங்க. ஷேடு போச்சுன்னா என்னையத்தான் கேப்பீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல் லாட்டை நான் வற்புறுத்திப் போடவைத்தேன். துணி திட்டுத்திட்டாக வந்தது.

அன்று மாலை அவர் என்னிடம் ஒன்றும் பேசாமல், உப்புநீர்த் தொட்டிக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் குவளையில் கொஞ்சம் எடுத்து, அதில் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். தாளை நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாள் பச்சையைத் தாண்டி நீலத்துக்குப் போயிருந்தது. "இதுல காரம் இருக்குதுங்க தம்பி. சோடா போடறதுக்கு முன்னாலயே சாயம் புடிச்சுருச்சு. அப்பறம் எப்படிங்க சமமா வரும்?" என்றார். திரும்பி வரும் உப்புநீரில் முந்தைய லாட்டின் காரம் மிச்சம் இருந்ததால், சாயம் துணி முழுக்கப் பரவுமுன்பே பிடித்த இடத்தில் பிணைந்துவிட்டிருக்கிறது. அடுத்த லாட்டுக்கு அசிட்டிக் அமிலம் விட்டுக் காரத்தைச் சமன்செய்து, கடினத்தன்மையையும் சோதித்த பிறகே சாயத்தைச் சேர்த்தார். முதலில் கறுப்பு மட்டும், பிறகு நேவி, அதற்குப் பிறகு மெரூன். ஒவ்வொரு நிறத்திலும் பாதித் துணியைப் புது உப்பிலும் பாதியைத் திரும்பிவந்த உப்புநீரிலும் போட்டு, ஒளிப்பெட்டியில் அருகருகே வைத்து அவரே ஒப்பிட்டார். வெளிர் நிறங்களுக்குக் கடைசியாகத்தான் வந்தோம். சிலவற்றுக்கு இன்றும் புது உப்புதான். புதிய முறையைப் புகுத்தும்போது அதை மறுப்பவரிடமே சோதனையை ஒப்படைக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்தவர் அவர். முறை எங்கே தோற்கும் என்பது, அதை நம்பாதவருக்கே முதலில் தெரிகிறது.

வெப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளுப்புத் தொட்டியிலிருந்து 95 டிகிரியில் கொதிநீரை வடித்துவிட்டு, அடுத்த அலசலுக்குப் பச்சைத் தண்ணீரை விறகு எரித்துச் சூடாக்கிக்கொண்டிருந்தோம். 10,000 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 3 லட்சம் கிலோகலோரி வேண்டும். கொதிகலனில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 150 கிலோ விறகு. வடியும் கொதிநீரின் சூட்டை உள்ளே வரும் தண்ணீருக்கு மாற்றும் தகட்டு வெப்பமாற்றி ஒன்றை வைத்ததில் அந்த விறகின் பெரும்பகுதி மிச்சமானது. வெளியேறும் தண்ணீர் குளிர்ந்ததால் உயிரியல் தொட்டியில் நுண்ணுயிரிகள் சாவதும் நின்றது. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பஞ்சுத் துகளை வடிகட்டும் சல்லடையைத் தினமும் கழுவாவிட்டால் வெப்பமாற்றி ஒரு வாரம் கூடத் தாங்காது. மின்சாரத்துக்குப் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளில் பங்கு எடுத்தவர்கள் எங்களில் பலர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வைகாசியிலிருந்து ஆவணி வரை நன்றாகக் கைகொடுக்கும். மற்ற மாதங்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பதைக் கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது.

ஒரு விஷயத்தை மட்டும் மெல்லக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. சல்பேட்டுக்கு மாறியதும், கழிவுநீர் தேங்கி நின்று காற்றுப்படாமல் போன தொட்டிகளின் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும் வாய்ப்பு அதிகமானது. சேற்றைக் கிளறினால் அது மேலே வரும். அதிக அளவில் இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எங்கள் பட்டறையில் சேகரிப்புத் தொட்டியைக் கழுவ ஏணி வைத்து இறங்கிய ஒரு பையன், இரண்டாவது படியிலேயே கால் தளர்ந்து விழப்போனான். மேலே நின்றவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். அவனை இறங்கச் சொன்னது என் பொறுப்பில் நடந்த வேலை; நான் அன்று அங்கே இருந்தும் தடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் தொட்டிகளில் மனிதர் இறங்குவதில்லை. சேற்றைப் பம்ப் வைத்து எடுக்கிறோம், தொட்டி மூடிகளுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆளைப் பலிகொடுக்கும் நிலையம் நடத்துவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

இவ்வளவு செலவுக்கும் விலை கிடைக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெளிநாட்டு வாங்குநர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள், தணிக்கையாளரை அனுப்புகிறார்கள். கிலோவுக்குச் சேர்த்துத் தருகிறார்களா என்றால் பெரும்பாலும் இல்லை. சில ஆண்டுகள் நான் அதற்காக வருந்தினேன். பிறகு ஒரு கிலோ துணிக்குத் தண்ணீர், உப்பு, விறகு, மின்சாரம், பொது நிலையக் கட்டணம் ஆகியவற்றை மாதவாரியாகப் பிரித்து ஒரே தாளில் எழுதி, விலை பேசும்போது மேசையில் வைக்கத் தொடங்கினேன். எல்லாரும் ஏற்கவில்லை. ஏற்ற இரண்டு மூன்று ஏற்றுமதியாளர்கள் இன்று வரை எங்களிடமே துணி கொடுக்கிறார்கள். மூடல் காலத்தில் துணியோடு ஊர் ஊராக அலைந்தவர்கள் அவர்கள். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

பேரேட்டில் இப்போது வெளியேறும் தண்ணீருக்கு நான்கு பத்திகள் இருக்கின்றன: அளவு, உப்பு, பி.எச்., வெப்பம். மாஸ்டரண்ணாவின் மகள்தான் அவற்றை எழுதுகிறாள். வேதியியல் படித்துவிட்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவள்.

உப்பு மீட்டர் ஒன்றை நான் காரிலேயே வைத்திருக்கிறேன். மாமா தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் கிணற்றில் ஒரு வாளி மொண்டு அளந்து, தேதி போட்டு எழுதிவருகிறேன். ஆரம்பத்தில் லிட்டருக்கு 6,000 மில்லிகிராமைத் தாண்டிக் காட்டிய மீட்டர், இந்தப் பங்குனியில் 2,900 காட்டியது. கிணற்றோரம் புதிதாக வைத்த நாலைந்து தென்னங்கன்றுகளுக்கு அத்தை அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா வாளியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "கொறைஞ்சிருக்குது மாப்பிள்ளை. ஆனா டீக்கு இன்னும் ஆகாது" என்றார். நான் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டேன்.